பகலில் அந்த வீட்டில் இருக்கப்போவது யார்?

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வெளிநாட்டு வேலை உறுதியாகிவிட்டது என்று நீ எழுதியிருந்த வரியை இவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்! எனக்கு அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, இப்போது கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். மகள் கல்லூரி விடுதிக்குப் போய் ஒரு மாதமாகிறது. சாயங்காலமானால் வாசல் பக்கம் கண் போகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மூன்று வீடுகளின் படங்களை அனுப்பி, எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறாய். எத்தனை அறை, என்ன வாடகை, அலுவலகம் போக எத்தனை நிமிடம் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறாய். ஒரு கட்டம் மட்டும் விட்டுப்போயிருக்கிறது. காலையில் நீ கிளம்பிப் போனபிறகு அந்த வீட்டில் இருக்கப்போகிறவர் என்ன செய்வார், எங்கே போவார், யாரைப் பார்ப்பார்?

உனக்கு அலுவலகம் இருக்கிறது. போய்ச் சேர்ந்த மறுநாளே உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருப்பார்கள். குழந்தைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. உன் வீட்டுக்காரருக்கு யார் இருக்கிறார்கள்? அவருடைய விசாவில் வேலை பார்க்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுவிடு, நாட்டுக்கு நாடு அது மாறும். அனுமதி இருந்தாலும் வேலை கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை அவருக்கு அந்தத் தெருதான் ஊர்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உனக்கு இதுவரை நான் சொன்னதில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வீடு பார்த்தது நான்தான். ரயில் பாதையின் கடைசி நிலையத்துக்கு அருகில் மூன்று படுக்கையறை, பெரிய பால்கனி, வாடகையும் குறைவு. உடனே கையெழுத்துப் போட்டேன். காலை ஏழு மணிக்கு நான் கிளம்பினால் திரும்ப இரவு எட்டாகும். சுற்றிலும் எல்லோரும் கார் வைத்திருந்தார்கள். கார் கீழ்த்தளத்தில் நிற்கும், அங்கிருந்து லிஃப்ட் நேராக அவரவர் மாடிக்குப் போகும். நடைபாதையில் மனித முகத்தையே பார்க்க முடியாது.

ஏழாவது மாதம், மேசை இழுப்பறையில் பேனா தேடும்போது இவருடைய சின்ன நோட்டு ஒன்று கையில் பட்டது. ஒவ்வொரு தேதிக்கு நேராகவும் ஓர் எண். 2, 1, 0, 0, 3, 1. ஏதோ செலவுக் கணக்கு என்று நினைத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் சொன்னார்: அன்றைக்கு எத்தனை பேரிடம் வாய் திறந்து பேசினார் என்ற கணக்காம் அது. நானும் மகளும் அதில் சேர்த்தியில்லை. 3 என்று எழுதியிருந்த நாளில் தண்ணீர்க் குழாய் சரிசெய்ய ஆட்கள் வந்திருக்கிறார்கள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து இதைப் பற்றி எது கிடைத்தாலும் தேடிப் படித்தேன். லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர் 1955-இல் எழுதிய கட்டுரை ஒன்று. அமெரிக்காவுக்குப் படிக்கவும் ஆராய்ச்சிக்கும் போய்வந்த நார்வேக்காரர்களிடம் பேசி எழுதியது. ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாகவே இருந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள்தான் அதிகம் தவித்திருக்கிறார்கள். இவரும் சரியாக அந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

உடனே வீடு மாற்றவும் முடியவில்லை. ஒரு வருடத்துக்கு முன் காலி செய்தால் முன்பணம் திரும்ப வராது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. தரகர் அதைச் சொல்லவில்லை, நானும் கடைசிப் பக்கம் வரை படிக்கவில்லை. நீ கையெழுத்துப் போடுமுன் அந்த ஒரு பகுதியையாவது நிதானமாகப் படி. எத்தனை மாதம் முன்பே சொன்னால் காலி செய்யலாம், முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடிப்பார்கள் என்று.

வருடம் முடிந்ததும் இப்போதிருக்கும் வீட்டுக்கு வந்தோம். முன்னதில் பாதிகூட இருக்காது. ஆனால் மாடிப்படிக்குக் கீழே எல்லோருக்கும் தபால் பெட்டி, பக்கத்தில் ஒரு மரப் பெஞ்சு. நாலாவது மாடிப் பாட்டி ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு தினமும் அதில் உட்காருவார். இரண்டாம் நாளே இவர் அவருடைய பையை மேலே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அவர் நன்றி சொன்னார், இவர் பதில் சொன்னார், அந்தப் பதிலில் இருந்த உச்சரிப்பைப் பாட்டி திருத்தினார். மறுநாள் படியில் பார்த்ததும் நிறுத்தி, அதே சொல்லை மறுபடி சொல்லச் சொன்னாராம். வகுப்பில் சேருமுன்பே இந்த ஊர்ப் பேச்சு இவருக்கு அந்தப் படிக்கட்டில்தான் வந்தது.

இப்படி எதிர்ப்பட்டுப் பழகுவதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் இன்னும் இருவரும் 1950-இல் வெளியிட்டது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் குடும்பத்தோடு தங்கிய குடியிருப்பில், யாரோடு அதிகம் பழகுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரரைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 41. அதே தளத்தின் மறுகோடி வீட்டைச் சொன்னவர்கள் நூற்றுக்கு 10 தான். படிக்கட்டை ஒட்டிக் குடியிருந்தவர்களுக்கு மாடியிலும் சிநேகிதம் இருந்திருக்கிறது. குணம் ஒத்துப்போனால்தான் நட்பு என்று நாம் நினைக்கிறோம். முதலில் கண்ணில் பட வேண்டுமே!

அப்புறம், நம் ஆட்கள் நிறைய இருக்கும் பகுதியில் வீடு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய், அந்த இரண்டாவது வீடு. இதில் என் மனம் இன்றும் இரண்டு பக்கமும் போகிறது. மகளுக்கு நடு இரவில் காய்ச்சல் ஏறியபோது போன் செய்த பத்தாவது நிமிடத்தில் வந்து நின்றது நம் மொழி பேசும் ஒரு குடும்பம்தான். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது, எந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் அப்படிப்பட்ட பகுதியிலேயே குடியிருந்த என் அலுவலகத் தோழி ஒருத்தி ஐந்து வருடம் கழித்தும் இந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை. எல்லா சனி ஞாயிறும் நம்மவர் வீட்டு விசேஷங்களிலேயே போய்விடும். அவர்களை ஒரே பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருந்தால் போதும் என்பது என் எண்ணம்.

அலுவலகத்தில் உன்னைப் போலவே வெளிநாட்டிலிருந்து வந்த கூட்டம் ஒன்று உடனே அணைத்துக்கொள்ளும். நல்லவர்கள்தான். ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் பலர் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். ஒரே வருடத்தில் நான்கு பேரை வழியனுப்பினேன், நான்காவது முறை வீட்டுக்கு வந்து அழுதேன். அங்கேயே வேரூன்றியவர்கள் சிலரையும் முதல் வருடத்திலேயே தேடிக்கொள்.

அதற்கு வாரம் தவறாமல் போகிற ஏதாவது ஒன்று வேண்டும். மொழி வகுப்போ, பாட்டுக் குழுவோ, பூப்பந்தோ, எதுவானாலும் சரி. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் எழுதிய கணக்குப்படி, அறிமுகம் சாதாரண நட்பாக மாறவே கிட்டத்தட்ட 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேல். வாரம் இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 50 மணிக்கே 25 வாரம். அதனால் மூன்று மாதத்தில் யாரும் ஒட்டவில்லையே என்று உன் வீட்டுக்காரர் மனம் தளர்ந்தால், நீ விடாதே, அனுப்பிவை.

இவருக்கு வேலை கிடைத்த கதையும் படிக்கட்டில்தான் தொடங்கியது. பாட்டியின் அண்ணன் மகன், இவர் இரண்டே முறை பார்த்திருந்த ஆள், தன் நிறுவனத்தில் ஆள் எடுப்பதைச் சொன்னார். கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதியது நினைவுக்கு வந்தது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களைக் கேட்டபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 17 பேர்தானாம். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற ஆட்கள்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே உன் படங்களில் முதல் வீட்டை விட்டுவிடு. அது எங்கள் பழைய வீட்டையே நினைவுபடுத்துகிறது. மூன்றாவது எனக்குப் பிடித்திருக்கிறது, சின்னதுதான், ஆனால் எதிரே நூலகம் தெரிகிறது. இருந்தாலும் படத்தை நம்பிக் கையெழுத்துப் போடாதே. முதல் மாதம் தற்காலிகமாக எங்காவது தங்கிக்கொண்டு, வார நாள் ஒன்றில் காலை பதினொரு மணிக்கு உன் வீட்டுக்காரரை அந்தத் தெருவில் தனியாக நடந்துபார்க்கச் சொல். ஞாயிற்றுக்கிழமை மாலை இருவரும் போங்கள். இரவு கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இறங்கி நீ தனியாக நடந்து வர வெளிச்சம் இருக்கிறதா என்பதையும் பார். பல ஊர்களில் அரசுப் பள்ளி இடம் வீட்டு முகவரியைப் பொறுத்துத்தான், அதையும் விசாரித்துவிடு.

சனிக்கிழமை இரவு கூப்பிடுகிறேன், உன் வீட்டுக்காரரையும் பக்கத்தில் இருக்கச் சொல். இவர் அந்த நோட்டைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறார். அவரிடம் தானே காட்ட வேண்டுமாம்.

அன்புடன்,
உன் தோழி