கரைப் பாதைக்குத் தார் வேண்டாம், நிழல் கொடுங்கள்

தெற்கு பிரான்சின் கனால் து மிதி கால்வாயின் கரைப் பாதையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். இதையே பிரெஞ்சில் எழுதிப் போன வாரம் தபாலில் சேர்த்துவிட்டேன். தமிழிலும் எழுதுவது, இங்கே இருக்கும் நம்மவர்களும் படிக்கட்டுமே என்றுதான். நான் நர்போனில் குடியிருப்பவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சைக்கிளை எடுப்பவன். என் வேகத்துக்கு நாய்கள்கூடத் துரத்துவதில்லை.

கால்வாயோரச் சிற்றூரான லு சொமாய் பக்கத்துக் கரைக்குத் தார் போடப்போவதாக ஊரில் பேச்சு அடிபடுகிறது. அது பேச்சோடு போய்விட்டால் சந்தோஷம்.

நான் சுற்றும் வட்டம் இதுதான். லு சொமாயின் கூன் விழுந்த கல்பாலத்தடியில் கிளம்பி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சின்னச் சாலைகளில் சென் நசேர், சென் மார்செல் வழியாக சலேல் தோத். ரோமானியர் காலத்துக் குயவர்கள் ஒயின் ஜாடி சுட்ட சூளைகள் இருந்த ஊர். அங்கிருந்து இணைப்புக் கால்வாயின் கரையேறி வடக்கே போனால் பெரிய கால்வாய், அதாவது கனால் து மிதி, வந்துவிடும். அதன் கரையோடு மேற்கே திரும்பி, செஸ் ஆற்றைத் தாண்டி, மறுபடி லு சொமாய். எல்லாம் சேர்ந்து 20 கிலோமீட்டருக்குள்தான். எனக்கு அரை நாள் ஆகும்.

எதிர்ப்பக்கமாகச் சுற்றாதது ஏன் என்று கேட்கலாம். காற்றுதான் காரணம். வடமேற்கிலிருந்து வரும் எங்கள் 'செர்ஸ்' போகும்போது முதுகில் கைவைத்துத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். அந்த நேரத்தில் கரை மரங்களுக்கு அந்தப்புறம் ஒதுங்கி ஓட்டினால் பாதி காற்றை மரமே வாங்கிக்கொள்ளும். அதாவது, மரம் இருக்கும் இடங்களில்.

இணைப்புக் கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பு வரி வசூலித்துப் பணம் பார்த்த பியர் போல் ரிக்கே 1666-இல் அரசாணை வாங்கி, 240 கிலோமீட்டர் கால்வாய் வெட்ட ஆரம்பித்தார். 1681-இல் அது திறந்தபோது அவர் இல்லை, முந்தைய ஆண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். பாதையை மட்டும் தன் சொந்த ஊரான பெசியே பக்கம் கொண்டுபோய்விட்டார். நர்போனுக்கு இணைப்பு கிடைக்க 1787 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நானே வந்தேறிதான், ஆனாலும் இந்த விஷயத்தில் நர்போன் பக்கம்தான். சரி, தாமதமாக வந்தாலும் அழகாக வந்தது. சுமார் 5 கிலோமீட்டருக்குள் 7 எக்லூஸ், அதாவது படகை ஏற்றி இறக்கும் மதகுகள். இரு கரையிலும் குடை விரித்த பைன் மரங்கள்.

போன கோடையில் புதுச்சேரியிலிருந்து அம்மா வந்திருந்தார். முப்பது வருடம் சைக்கிளில் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் எடுத்தவர். லு சொமாயில் வண்டியை நிறுத்திவிட்டு நெடுநேரம் தண்ணீரையே பார்த்தார். "என்னப்பா, இந்தத் தண்ணி நகரவே மாட்டேங்குது?" ஆர்ழான்ஸிலிருந்து பெசியேவுக்கு அருகில் ஃபோன்செரான் வரை 54 கிலோமீட்டருக்கு ஒரு மதகுகூட இல்லை, தரைமட்டம் பார்த்துப் பார்த்து வளைத்து வெட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். "அப்ப நாமளும் மெதுவா போலாம்" என்றார். செஸ் ஆற்றின் மேல் அந்தக் காலத்துப் பொறியாளர் வோபான் வடிவமைத்த மூன்று வளைவுப் பாலத்தில் கால்வாய் போகிறது: கீழே ஆறு, மேலே படகு. அங்கே அம்மா கைப்பிடியை விட்டுக் கும்பிடு போட்டதில் சைக்கிள் ஆடிப்போய் என் வயிற்றைக் கலக்கிவிட்டது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயம் இல்லை. லு சொமாய்க்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, கரையோர நிழல் மரமான பிளாத்தானின் வேர் ஒன்று பாதைக்குக் குறுக்கே முட்டி மாதிரி புடைத்திருந்தது. அதில் ஏறி இறங்கியதும் என் பின் டயர் 'புஸ்'. மரத்தடியில் உட்கார்ந்து டியூபை வெளியே இழுத்து, கால்வாய்த் தண்ணீரில் முக்கி, குமிழி வரும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, காயும்வரை ஊதிக்கொண்டிருந்தவர் அம்மாதான். எங்களுக்கு முழுக்க நிழல். அந்த வேரைத் தந்த மரம் கொடுத்தது.

இங்கேதான் என் விண்ணப்பம். 2006-இல் இந்தக் கால்வாயில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சை நோய், இருந்த சுமார் 42,000 பிளாத்தான்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டுவிட்டது. மருந்து கிடையாது. வெட்டி எரிக்கத்தான் முடியும். அது உள்ளே நுழைவது மரத்தில் படும் காயம் வழியாக, வேரோடு வேர் ஒட்டியிருந்தால் பக்கத்து மரத்துக்கும் தாவும். இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தார் போட வேண்டுமானால் முதலில் தோண்ட வேண்டும், வேரை அறுக்க வேண்டும், மேலே உருளை ஓட வேண்டும். மிச்சமிருக்கும் மரங்களுக்கு நடுவே அந்த வேலையைச் செய்ய எப்படி மனசு வரும்?

சக்கர நாற்காலிக்காரர்களும் குழந்தை வண்டிக்காரர்களும் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு நீங்களே 'ஸ்தாபிலிசே' என்று சொல்லும் இறுக்கிய சரளை போதும். வேர் இருக்கும் இடத்தில் தோண்டாமல், மேலே அந்தச் சரளையையே மெல்லிசாகக் கொட்டி மேடேற்றினால் முட்டியும் மறையும், மரமும் பிழைக்கும். வழவழவென்று தார் போட்டால் மணிக்கு முப்பது கிலோமீட்டரில் பறப்பவர்கள் வருவார்கள். அப்புறம் என் அம்மா மாதிரி ஆட்கள் ஓரம் ஒதுங்க வேண்டியதுதான், ஓரத்தில் இருப்பதோ தண்ணீர்.

மிச்சமாகும் பணத்தில் வெட்டிய இடங்களில் கன்றுகளை நெருக்கமாக நடுங்கள். நட்டால் போதாது, ஜூலையில் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். சலேலுக்கும் லு சொமாய்க்கும் நடுவில் ஒரு குடிநீர்க் குழாய் வையுங்கள். மதகுக்காரர்கள் வீட்டுக் கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டுக் கேட்டு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நேரம் கிடைத்தால் ஒரு ஞாயிறு காலை வாருங்கள், சுற்றிக் காட்டுகிறேன். சைக்கிள் இல்லையென்றால் என்னிடம் இரண்டு இருக்கிறது. ஒன்றுக்கு பிரேக் கொஞ்சம் கத்தும், அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரன், நர்போன்