நின்றுபோயிருந்தால் நின்றுபோனது என்று எழுதிவையுங்கள்

திறமூல இயங்குதளத் திட்டங்களை நடத்திவரும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் திட்டங்களின் பெயர், முகவரி, இப்போதைய நிலை ஆகியவற்றைத் தொகுத்து வைக்கும் ஓர் இணைய அடைவைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்கிறேன். லினக்ஸ் டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸை மையமாக வைத்துத் தொகுத்த முழு இயங்குதளங்கள்), பிஎஸ்டி குடும்பம், ஹைக்கு, ரியாக்ட்ஓஎஸ் போலத் தனி வழியில் போகிறவை, இவற்றைச் சுற்றி இயங்கும் மொழிபெயர்ப்புக் குழுக்கள் என்று எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. இப்படி ஓர் அடைவு எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சென்ற வாரம் ஒருவர் எழுதியிருந்தார். பழைய மடிக்கணினி ஒன்றில் போட எடை குறைந்த டிஸ்ட்ரோ தேடியிருக்கிறார். எங்கள் அடைவில் ‘செயல்பாட்டில் உள்ளது’ என்று குறித்திருந்த ஒன்றைத் திறந்தால் சூதாட்டத் தளம் வந்திருக்கிறது. “நீங்களே இந்த முகவரியைக் கொடுத்தால் எப்படி?” என்று கேட்டிருந்தார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கேள்வியில் இருந்த ஏமாற்றத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விசாரித்ததில், அந்தத் திட்டம் நின்று இரண்டு வருடம் ஆகிறதாம். முன்பு அதில் வேலை செய்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். “அது எப்பவோ நின்னுபோச்சே, உங்களுக்குத் தெரியாதா?” என்றார். தெரியாது ஐயா. யாரும் எங்கும் எழுதிவைக்கவில்லையே, எப்படித் தெரியும்?

எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தினமும் இரவில் ஒரு சிறு நிரல் ஒவ்வொரு முகவரியாகப் போய்த் தட்டிப் பார்க்கும். தளம் ஓர் எண்ணைப் பதிலாகத் தரும். 404 வந்தால் அந்தப் பக்கம் அங்கே இல்லை. 410 வந்தால் இன்னும் நல்லது. ‘இருந்தது, இனி இல்லை’ என்று அந்தத் தளமே சொல்கிறது என்று பொருள். டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாகி அதை வேறொருவர் வாங்கிவிட்டால்தான் சிக்கல். அங்கே ‘எல்லாம் சரி’ என்று பொருள்படும் 200 வருகிறது. தட்டினால் கதவு திறக்கிறது, நிரலும் பச்சைக் குறி போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. உள்ளே குடியிருப்பது யார் என்று அதற்குத் தெரியாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறக்கிறேன். உயிரோடு இருக்கும் திட்டம் என்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பேச்சுமூச்சில்லாத திட்டம் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும். பக்கத்தின் அடியில் காப்புரிமை வரியில் இந்த வருடம் இருக்கிறது. மூலத்தைப் பார்த்தால் வருடத்தைத் தானாக மாற்றும் ஒரு துண்டு ஜாவாஸ்கிரிப்ட். நிரல் களஞ்சியத்தில் போன வாரம்கூட மாற்றம் பதிவாகியிருக்கிறது. திறந்து பார்த்தால் திட்டம் சார்ந்திருக்கும் பிற நிரல் தொகுப்புகளின் பதிப்பு எண்ணை ஏற்றிக்கொண்டே இருக்கும் ஒரு பாட், அதாவது தானியங்கி நிரல். மனிதர் கைபட்ட கடைசி மாற்றத்தைத் தேடிப் பக்கம் பக்கமாகப் பின்னால் போக வேண்டியிருக்கிறது. அப்புறம் இயங்குதளத்தை நிறுவப் பதிவிறக்கும் ஐஎஸ்ஓ கோப்பின் தேதி, அந்தக் கோப்பு அசல்தான் என்று உறுதிசெய்யும் கையொப்பச் சாவி காலாவதியாகிவிட்டதா, கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் எப்போது வந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். இத்தனை துப்பறிந்தும் கடைசியில் என் கையில் இருப்பது ஓர் ஊகம்தான். உங்களுக்கு ஒரு நிமிட வேலை. முகப்பில் தேதி போட்டு ஒரு வரி எழுதினால் போதும்: ‘நடக்கிறது’ அல்லது ‘நின்றுவிட்டது’.

இது வெறும் இணைப்புப் பிரச்சினை என்று தள்ளிவிடாதீர்கள். மற்ற மென்பொருளை நம்பி ஒரு கோப்பைத்தான் ஒப்படைக்கிறோம். இயங்குதளத்தை நம்பி மொத்தக் கணினியையும் ஒப்படைக்கிறோம். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் டிஸ்ட்ரோவின் தளத்தில் யாரோ புகுந்து, பதிவிறக்க இணைப்பைப் பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவுக்குத் திருப்பிவிட்டார்கள். அந்தக் குழு விழிப்பாக இருந்தது. உடனே கண்டுபிடித்து ஊரறியச் சொன்னது. ஆளே இல்லாத டொமைனில் அதே வேலையை யாராவது செய்தால் யார் கண்டுபிடிப்பார்கள், யார் சொல்வார்கள்?

ஒழுங்காக விடைபெற முடியும் என்று காட்டியவர்களும் உங்களிடையே உண்டு. 2019 மே மாதம், ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஆன்டெர்கோஸ் டிஸ்ட்ரோவின் குழு, எங்களுக்கு நேரம் இல்லை, நிறுத்துகிறோம் என்று வெளிப்படையாக எழுதியது. ஏற்கெனவே நிறுவியவர்களுக்கு ஆர்ச்சிலிருந்து நேரடியாகப் புதுப்பிப்புகள் வரும், எங்கள் களஞ்சியங்களை ஒரு புதுப்பிப்பு மூலம் நீக்கிவிடுவோம் என்றும் சொன்னது. அந்தச் சமூகத்திலிருந்தே அதே வருடம் எண்டெவர்ஓஎஸ் என்ற புது டிஸ்ட்ரோ எழுந்தது. சென்ட்ஓஎஸ் டிஸ்ட்ரோவின் 8ஆம் பதிப்பு 2021 முடிவோடு நின்றுவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவித்தபோது எழுந்த கொந்தளிப்பு எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கும் கோபம்தான். ஆனாலும் கையில் ஒரு தேதி இருந்தது. அதற்கு மாற்றான ராக்கி, அல்மா இரண்டும் அந்த அவகாசத்தில்தான் பிறந்தன.

வாய்டு லினக்ஸில் நடந்ததையும் மறக்க வேண்டாம். 2018இல் தலைமைப் பராமரிப்பாளரைத் தொடர்புகொள்ள முடியாமல், களஞ்சியத்தின் பொறுப்பும் டொமைனும் மற்றவர்கள் கைக்கு எட்டாமல் போயின. குழு தளராமல் புது முகவரிக்குக் குடிபெயர்ந்தது. முக்கியமாக, நடந்ததை மறைக்காமல் எழுதியது. அந்தக் குழுவிடம் உறுதி இருந்தது. எல்லாக் குழுக்களுக்கும் அது வாய்க்காது. களஞ்சியம், டொமைன் இவற்றின் சாவி ஒரே ஆளிடம் இருக்கிறது என்றால் தயவுசெய்து இன்றைக்கே இன்னொருவரிடமும் கொடுத்துவையுங்கள்.

அப்புறம் இன்னொரு வருத்தம். இப்போது பல குழுக்கள் மூடிய அரட்டை அறைகளுக்குள் போய்விட்டன. உள்ளே நுழையக் கணக்கு வேண்டும், சில இடங்களில் தொலைபேசி எண்கூட வேண்டும். தேடுபொறிக்கு உள்ளே இருப்பது தெரியாது. ‘அறிவித்தோமே’ என்கிறீர்கள், அறைக்குள் இருந்த சிலருக்கு மட்டும் கேட்ட அறிவிப்பு அது. மூலநிரலைத் திறந்து வைத்தவர்கள் பேச்சை ஏன் பூட்டி வைக்கிறீர்கள்? பத்து வருடம் கழித்து ஒருவர் இந்தத் திட்டம் ஏன் நின்றது என்று தேடினால் எதுவும் கிடைக்காது. அடைவுகளும் சாகாவரம் பெற்றவை இல்லை. ஃப்ரீகோட் 2014இல் புதுப்பிப்பதை நிறுத்தியது, டிமோஸ் 2017 மார்ச்சில் மூடியது. எங்களைப் போல மிச்சமிருக்கும் சிலர் கைவிட்டால் அந்த வேலையைச் செய்ய வரிசையில் யாரும் நிற்கவில்லை.

சரி, மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். கடுமையாகப் பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள் என்பது தெரியும், நானும் அப்படித்தான். சலிப்பு வந்து, வீட்டில் ஆயிரம் வேலை வந்து ஒரு திட்டத்தை நிறுத்துவது குற்றமே இல்லை. நிறுத்தியதைச் சொல்லாமல் போவதைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கேட்பது அந்த ஒரு வரிதான். முகப்புப் பக்கத்தில், தேதியோடு. நிறுத்துவதாக இருந்தால் டொமைனை உடனே விட்டுவிடாமல் இன்னும் சில வருடங்களாவது புதுப்பித்து, அந்த ஒற்றைப் பக்கத்தை மட்டும் வைத்திருங்கள். செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் கைவிடும் முன் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்; குறிப்பையாவது மாற்றிவைப்போம்.

அந்த மடிக்கணினிக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு, வேறொரு டிஸ்ட்ரோவின் பெயரை எழுதி அனுப்பினேன். அனுப்பும் முன் அதன் தளத்துக்குப் போய், இன்னும் நடக்கிறதா என்று நானே மூன்று முறை பார்த்துக்கொண்டேன். அங்கும் அந்த ஒரு வரி இல்லை. தயவுசெய்து எழுதிவையுங்கள்.

அன்புடன்,
அடைவுப் பராமரிப்பாளர் ஒருவர்