கொங்கு நாட்டு உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

ஈரோடு, திருப்பூர், கோவை, நாமக்கல், கரூர்ப் பக்கம் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை உயிரியல் நடத்தும் டீச்சர்களுக்கும் சார்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் காங்கேயம் பக்கத்து விவசாயி, பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணின் அப்பா. நேராகவே கேட்டுவிடுகிறேன்: பாடத்தைப் புத்தகத்தின் முதல் வரியில் ஆரம்பிக்காமல், பிள்ளைகள் தினமும் பார்க்கிற ஏதாவது ஒன்றில் ஆரம்பியுங்கள்.

எங்கள் மாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். அப்புறம் பூச்சிக்காளைக்கு, அதாவது இனவிருத்திக்கு விடுகிற காளைக்கு, வயது ஏற ஏறத் திமிலும் முன்னங்கால் பக்கமும் பின்பக்கமும் கருத்துக்கொண்டே வரும், காயடித்த எருது மட்டும் சாம்பல் மயிலையாகவே நிற்கும். இது ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும், ஏன் என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை. காயடித்தால் உடம்பில் எது நின்றுபோகிறது, அதற்கும் திமில் மயிரின் நிறத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு, கொஞ்ச நேரம் அவர்களுக்குள் வாதாட விட்டுவிட்டு, அதன்பிறகு நாளமில்லாச் சுரப்பிகள் பாடத்தைத் திறந்தால், டெஸ்டோஸ்டிரோன் என்ற பெயர் அவர்கள் தேடிக்கொண்டிருந்த விடையாக வந்து சேரும். குரல் உடைகிற, மீசை அரும்புகிற வயதில் இருக்கும் பிள்ளைகளிடம் ஹார்மோன் பற்றிக் கூச்சமில்லாமல் பேசவும் மாட்டிலிருந்து தொடங்குவது எளிது.

மாவுப்பூச்சி கதை இதைவிடப் பெரியது. 2008இல் இந்தியாவிலேயே முதன்முதலாகக் கோவையில்தான் பப்பாளி மாவுப்பூச்சி கண்ணில் பட்டது. மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. பப்பாளியோடு நிற்காமல் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), மல்பெரி என்று தாவியது. உடம்பெல்லாம் மெழுகு மூடியிருந்ததால் மருந்து அடித்தும் சரியாகப் பிடிக்கவில்லை, அதைக் கட்டுப்படுத்துகிற எதிரிப் பூச்சியும் சொந்த ஊரிலேயே தங்கிவிட்டது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசரோஃபேகஸ் பப்பாயே முதலான ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து காடுகளில் (நாங்கள் காடு என்பது பயிர் நிலத்தை) விட்டார்கள். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்னக் குளவி, மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை வைக்கும், பொரிக்கிற புழு உள்ளிருந்தே அதைத் தின்று முடிக்கும். அதன்பிறகுதான் பூச்சி அடங்கியது. ஒட்டுண்ணி வாழ்க்கை, அயல் இனங்கள், உயிரியல் கட்டுப்பாடு எல்லாமே இந்த ஒரு கதைக்குள் இருக்கிறது. இன்றைய பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அது நினைவில் இருக்காது, ஆனால் வீட்டில் அப்பாவுக்கும் அப்பிச்சிக்கும் நன்றாகவே நினைவிருக்கும். கேட்டு வரச் சொல்லுங்கள்.

மரபியலுக்குக் கோவைக் கரும்பு இருக்கிறது. 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையம், கரும்பையும் காட்டு இனமான பேய்க்கரும்பையும் கலந்து உருவாக்கிய கோ 205 ரகத்தை 1918இல் வெளியிட்டது. சவ்வூடு பரவலுக்கு, சாயக்கழிவால் உப்பேறிய நொய்யல் கரைக் காடுகளில் வேர் ஏன் தண்ணீரை இழுக்க முடியாமல் போகிறது என்ற கேள்வியே போதும்.

தேர்வு இருக்கிறதே, நேரம் எங்கே என்பீர்கள். உங்கள் நெருக்கடி புரிகிறது, புக் பேக் கேள்வியும் ஒரு மார்க்கும் நீட்டும் எங்களைப் போன்ற பெற்றோர் தருகிற அழுத்தத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் கேட்பது வகுப்பின் முதல் பத்து நிமிடம். தயவுசெய்து இதைப் பிராஜெக்ட் ஆக்கிவிடாதீர்கள், கடையில் தெர்மோகோல் வாங்கி அம்மாக்கள் ராத்திரி ஒட்டுகிற வேலையில் பிள்ளை எதையும் கற்பதில்லை. பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்டம் கிடையாது, மாடு கிடையாது என்பதும் மனதில் இருக்கட்டும். அவர்கள் கையில் நாமக்கல் முட்டை ஒன்றைக் கொடுங்கள், கரு சேராத அந்த முட்டையைக் கோழி ஏன் இடுகிறது என்று கேளுங்கள்.

முதன்மைக் கல்வி அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பக்கத்துக் காட்டுக்கு வகுப்பைக் கூட்டிப்போக ஒரு ஆசிரியர் கேட்டால் அனுமதியை இழுத்தடிக்காதீர்கள்.

ஜூனில் பள்ளி திறக்கும் சமயத்தில் எங்கள் பக்கம் மஞ்சள் நடவு நடக்கும். ஆளுக்கு ஒரு விரலி விதை மஞ்சள் கொண்டுவரச் சொல்லி, இது வேரா தண்டா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். கணுவையும் கண்ணையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு பள்ளி வளாகத்திலேயே பையில் மண் நிரப்பி நட்டால், ஒன்பது மாதம் கழித்து, முழு ஆண்டுத் தேர்வு வாக்கில், வெட்டிப் பார்த்துவிடலாம். விதை மஞ்சள் வேண்டுமென்றால் நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் அப்பா