முதலையாருக்கு

செந்தூல், கோலாலம்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள முதலையாருக்கு,

பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஃபிரேசர் மலை அடிவாரத்துக் கேப் வரை போய் வரலாம் என்று நீ எழுதி ஆறு மாதம் ஆகிறது. பதில் போடாதது என் தவறுதான். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம், என் முழங்காலைத் தவிர.

முதலில் நான் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்று சென்ற வாரம் கிளம்பினேன். ரவாங், செரண்டா, பத்தாங்காலி வரை குறையில்லை. கோல குபு பாருவைத் தாண்டி மலைப்பக்கம் ஏறியதும்தான் குழம்பிப்போனேன். 55-ஆம் எண் சாலைதான், ஆனால் நம் சாலை இல்லை. உயரத்தில், அகலமாகப் போகிறது. கீழே ஏரி. நாம் குளித்த துறை, நீ வாந்தியெடுத்த முதல் வளைவு, அந்த அம்மா டுரியான் விற்ற நிழல், எல்லாம் சிலாங்கூர் அணைக்குள் கிடக்கின்றன. கெராச்சி, பெர்த்தாக் என்ற தெமுவான் பழங்குடிக் கிராமங்களையும் இடம் பெயர்த்துவிட்டார்கள். எல்லாம் செய்தித்தாளில் அப்போதே படித்ததுதான். ஆனாலும் காரை ஓரம் கட்டி வெகுநேரம் நின்றுவிட்டேன்.

உன் முதலைதான் நினைவுக்கு வந்தது. 1883-இல் அணை உடைந்து பழைய கோல குபு பெரும் சேதமடைந்தது. அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று சொல்வார்களே, அந்த ஆங்கிலேய அதிகாரி ரேங்கிங்கும் வெள்ளத்தோடு போனார். அன்று அணை உடைந்து ஊர் பாழானது. இன்று உடையாமல் நின்று சாலை போயிருக்கிறது. இதற்கு யார் எந்த முதலையைச் சுட்டார்களோ, நீதான் சொல்லவேண்டும்.

மேலே போகப்போகப் பழைய பாதை பிடிபட்டது. அதே மூங்கில், அதே இருட்டு. 1951 அக்டோபர் 6 அன்று பிரிட்டிஷ் ஹைகமிஷனர் கர்னி சுடப்பட்ட பக்கத்தில் நிறுத்தினேன். அவர் வந்த கார் ரோல்ஸ் ராய்ஸ்தான், நம் பந்தயப் பணம் இன்னும் பாக்கி.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கோல லிப்பிஸ் பகாங்கின் தலைநகராக இருந்த காலத்தில் தாத்தா இந்தச் சாலையில்தான் கல் உடைத்தார். மழைக்காலத்தில் சரிந்த மண்ணை வாரினார். எத்தனையாவது மைலில் என்று நான் கேட்டதே இல்லை. அது மேலே இருக்கிறதா, தண்ணீருக்குள்ளா? உன் அம்மாவுக்குத் தாத்தா தங்கியிருந்த கூலி லயன் ஞாபகம் இருக்கும். மதியம் தூங்கி எழுந்ததும் கேள். அப்போதுதான் தெளிவாகப் பேசுவார்.

பள்ளி விடுமுறையில் வாருங்கள். எலுமிச்சம்பழம் நீயே கொண்டு வா. முன்சீட்டு பேத்திக்கு.

உன்,
டிரைவர்