செயலாளர் ஆண்டறிக்கை: நம் வட்டார போட்டோகிராபர்கள் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார். சந்தா பாக்கி யாருக்கு இருக்கிறது என்பது அவரவருக்கே தெரியும். இந்த ஆண்டு உருப்படியாக நடந்தது பிளாஷ் வகுப்புதான்.

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தொழில் செய்யும் நமக்குக் காலை முகூர்த்தத்தில் கசவுச் சேலை, மாலை ரிசப்ஷனில் அரக்குப் பட்டும் கறுப்பு கோட்டும். பிளாஷ் அளவைக் கேமராவே முடிவு செய்யும் டிடிஎல் முறையிலேயே விட்டு எடுத்தால் காலைப் படத்தில் வெள்ளை அழுக்கேறித் தெரிகிறது. மாலைப் படத்தில் முகம் வெளுத்துப்போகிறது. பிளாஷ் ரிப்பேர் என்று சர்வீஸுக்குக் கொடுத்தவர்களும் நம்மில் உண்டு.

டிடிஎல்லில் ஷட்டர் திறக்குமுன் பிளாஷ் சின்னதாக ஒருமுறை அடிக்கிறது. பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை லென்ஸ் வழியாக அளக்கும் கேமரா, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கணக்குப் போடுகிறது. வெள்ளை அதிகம் இருந்தால் குறைத்து அடிக்கும், கறுப்பு அதிகம் இருந்தால் கூட்டி அடிக்கும். வகுப்பில் ஒரே ஆளை வெள்ளை வேட்டிக்கு முன்னும் கறுப்புத் துணிக்கு முன்னும் நிறுத்தி, தூரம், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எதையும் மாற்றாமல் எடுத்தோம். வெள்ளைக்கு முன் எடுத்தது அண்டர், அதாவது இருட்டு; கறுப்புக்கு முன் எடுத்தது ஓவர், அதாவது வெளுப்பு. கேமரா போட்ட பிளாஷ் அளவை நாமே கூட்டிக் குறைக்கும் பிளாஷ் காம்பன்சேஷனை வெள்ளைக்கு பிளஸ் 1 பக்கம் ஏற்றி, கறுப்புக்கு மைனஸ் 1 பக்கம் இறக்கியதும் இரண்டு முகமும் ஒன்றுபோல வந்தன. அப்புறம் பித்தளைக் குத்துவிளக்கை நடுவில் வைத்தோம்; அதன் பளபளப்பிலேயே படம் இருண்டது. அங்கே முகத்தில் அளந்து, அந்த அளவு மாறாமல் பிளாஷ் லாக் போடுவதுதான் வழி. கேனான் 2004இல் கொண்டுவந்த இ-டிடிஎல் 2 என்ற டிடிஎல் முறை இப்படிப்பட்ட மினுக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளப் பார்க்கும்; ஆனாலும் முழுதாக நம்ப முடியாது.

1975இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2 கேமரா, ஃபிலிமில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சத்தை எக்ஸ்போஷரின்போதே அளந்து, போதும் என்றதும் பிளாஷை நிறுத்தியது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் விளக்கினார். டிஜிட்டல் கேமராவின் சென்சாரில் வெளிச்சம் அப்படித் தெறிப்பதில்லை; அதனால்தான் இந்த முன்வெளிச்சம். கண் சிமிட்டுகிறவர்களுக்கும், இன்னொரு பிளாஷைக் கண்டதும் தானும் அடிக்கும் ஸ்லேவ் லைட்டுகளில் பழையவை முந்திக்கொள்வதற்கும் அதுதான் காரணம்.

பிளாஷ் அளவை நாமே வைக்கும் மேனுவலா டிடிஎல்லா என்ற சண்டை டீ ஆறும்வரை ஓடியது. என் கருத்து: தூரம் மாறாத மேடையில் மேனுவல், மணப்பெண் நடந்து வரும்போது டிடிஎல்.

அடுத்த வகுப்பு, பிளாஷைக் கேமராவிலிருந்து தனியே வைத்து எடுக்கும் ஆஃப்-கேமரா பிளாஷ் பற்றியது. தேதியைச் செயற்குழு முடிவு செய்யும். அந்தப் பிளாஷை அடிக்க வைக்கும் டிரிக்கர் உள்ளவர்கள் எடுத்து வரவும். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்