ஆபரேட்டர் ரூம்

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். அன்றைக்கு நீ போனில் சொன்னதற்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "மூணு மாசமா கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து, படத்துல ஒருத்தன் இடுப்புல கட்டின கயிறை அழிச்சேன்பா, கடைசியில டைட்டில்ல என் பேரைக்கூடப் போடல" என்றாய். நான் வழக்கம்போல "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டு வைத்துவிட்டேன். அப்புறம் ராத்திரி தூக்கம் வரவில்லை.

சினிமாவில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். பத்து நொடிக் காட்சி என்றால் 240 முறை அதே கயிற்றை அழித்திருப்பாய். தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராக இருந்த எனக்கும் அந்த 24 நெருங்கிய பழக்கம்தான். பிலிமில் அடிக்கு 16 பிரேம், நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டு ரீலை ஒட்டி ஓட்டினாலும் இருபத்திரண்டு நிமிடத்துக்குள் அடுத்த புரொஜெக்டர் மெஷினைத் தயாராக வைத்திருக்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும், அப்போது மோட்டாரைப் போடுவேன். ஏழெட்டு நொடியில் இன்னொரு புள்ளி வரும், உடனே மாற்றிவிடுவேன். ஹாலில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் நான் பிசகிவிட்டேன் என்று அர்த்தம்.

சின்ன வயதில் சாப்பாடு கொண்டுவருவாயே, அந்த அறைக்கு மட்டும் ஏன் வெளியிலிருந்து தனிப் படிக்கட்டு என்று கேட்டிருக்கிறாய். பழைய காலத்து பிலிம் நைட்ரேட், எளிதில் தீப்பிடிக்கும் ரகம். பற்றிக்கொண்டால் தண்ணீருக்கும் அடங்காது. தீ ஹாலுக்குள் பரவக் கூடாது என்றுதான் இரும்புக் கதவும், விழுந்து மூடிக்கொள்ளும் ஷட்டரும். 1950களில் நைட்ரேட் போய் எளிதில் தீப்பிடிக்காத பிலிம் வந்துவிட்டது. அறையை மட்டும் அப்படியே கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக, நெருப்பு வந்தால் ஆபரேட்டரோடு நின்றுவிட வேண்டும் என்று யாரோ போட்ட கணக்குக்குள்தான் நான் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்தேன். நீ அந்த ஷட்டர் கயிற்றைப் பிடித்து ஆடி என்னிடம் அடி வாங்கியது ஞாபகம் இருக்கிறதா?

மெஷினுக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகள் இரண்டும் எரிய எரிய நடுவில் இடைவெளி கூடும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் விட்டால் திரை மங்கும், உடனே கீழே விசில். "டேய் ஆபரேட்டர்!" அதுதான் எனக்குக் கிடைத்த டைட்டில் கார்டு. ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டருக்கு ஓட்டிய நாட்களில் சைக்கிள்காரப் பையன் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்வான். அவன் ரீலோடு வந்து சேரும்வரை ஸ்லைடு போட்டு சமாளிப்பேன். திட்டு எனக்குத்தான்.

பேரைப் போடாதது வருத்தம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னிடம் நான் கேட்க நினைத்தது வேறு. சனி, ஞாயிறும் உட்கார்ந்தாயே, அந்த மணி நேரத்துக்குக் காசு வந்ததா? எழுதி வைத்திருக்கிறாயா? தினம் நாலு காட்சி ஓட்டியும் ஒரு நாளும் நான் எழுதி வைத்ததில்லை. டிஜிட்டல் வந்தபோது முதலாளி மெஷினை எடைக்குப் போட்டுவிட்டு என்னைக் காபி குடிக்க அழைத்தார். பி.எஃப். பற்றிக் கேட்டேன். "உங்க பேரே ரெஜிஸ்டர்ல இல்லையே அண்ணே" என்றார் கணக்குப்பிள்ளை, அவ்வளவு மரியாதையாக. திரையில் பேர் இல்லாமல் இருக்கலாம் கண்ணு, சம்பள ரெஜிஸ்டரில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

போன வாரம் பக்கத்து மல்டிபிளெக்ஸ் பையன் ஒருவன் மேலே கூட்டிப்போய்க் காட்டினான். ஏசி போட்ட அறை, பெட்டி மாதிரி ஒரு சர்வர், ஆளே இல்லை. உட்கார ஒரு ஸ்டூலாவது இருக்கும் என்று தேடினேன்.

உன் படம் தமிழ் டப்பிங்கில் இங்கே வருகிறதாம். உன் அம்மாவோடு முழுசாக உட்கார்ந்து நான் பார்த்த படங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், இதற்குக் கட்டாயம் போகிறோம். அந்தக் கயிறு எந்த இடத்தில் இருந்தது என்று எழுது. இடைவேளைக்கு முன்னாலா பின்னாலா என்றாவது சொல். அம்மா பாப்கார்ன் வாங்க எழுந்துபோய்விடுவாள்.

அன்புடன்,
அப்பா