சொல்லாமல் சதுரகிரி ஏறிய கதை

அன்புள்ள மீனா,

நீ திட்டுவாய் என்றுதான் முன்கூட்டிச் சொல்லவில்லை. தை அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். எதிர்வீட்டு அத்தை துணைக்கு வந்தாள். முழங்கால் இன்னும் என்னோடுதான் இருக்கிறது, பயப்படாதே.

முதலில் அடிவாரம். உன் ஏழு வயதில், 1999 ஆடி அமாவாசைக்குப் போனோமே, ராத்திரி பத்து மணிக்குத் தாணிப்பாறையில் டார்ச் லைட்டோடு ஏற ஆரம்பித்தோம். யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது விடிந்த பிறகுதான் கேட் திறக்கிறார்கள். பையைக் கொட்டிப் பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் கூடாது, தீப்பெட்டி கூடாது. நான் கட்டிக்கொண்டு போன புளியோதரை, நல்லவேளை, வாழை இலையில் இருந்தது. அணில் சரணாலயமாக இருந்த காடு 2021 முதல் புலிகள் காப்பகம். அதனால் கெடுபிடியும் கூடிவிட்டது.

கேட்டைத் தாண்டியதும் டோலிக்காரர் ஒருவர், "ஏறிக்கிறீங்களா பாட்டி?" என்றார். அன்றைக்கு உன் அப்பத்தாவைக் கேட்ட அதே கேள்வி. அதற்காகவே வீம்புக்கு நடந்தேன். வழுக்குப்பாறையிலேயே வீம்பு தீர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டேன். பாறை மட்டும் அப்படியேதான் இருக்கிறது, எத்தனை லட்சம் கால் தேய்த்தும் வழுக்கலை விடவில்லை.

மாங்கனி ஓடையில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான். நீ அதில் செருப்பைத் தவறவிட்டு அழுதாயே, அந்த இடம். 2015 மே மாதம் திடீர் வெள்ளம் வந்து ஆட்களை அடித்துக்கொண்டு போனபோது, இந்தச் சின்ன ஓடைகளா என்று நம்ப முடியவில்லை. அதற்கப்புறம்தான் மாதத்தில் சில நாட்கள் மட்டும் அனுமதி, இரவில் தங்கக் கூடாது என்றெல்லாம் வந்தது.

கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் எல்லாம் தாண்டி, நாவல் ஊற்றுக்கிட்டே ஒரு நரை அணிலைப் பார்த்தேன். பூனை அளவு இருக்கும். கிளை விட்டுக் கிளை தாவியதே தவிர, தரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு வழி முழுக்க இரண்டு பக்கமும் கடை, ரேடியோ, சோடா பாட்டில். இப்போது பாதி இடத்தில் நம் மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது. இது நல்லதுக்குத்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மேலே போனதும் மனசு கேட்கவில்லை. சுந்தர மகாலிங்கம் அதே சாய்ந்த தலையோடு இருக்கிறார். கோயில் சாப்பாடு கிடைத்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் படுத்திருந்த மடம்தான் பூட்டிக் கிடந்தது. ராத்திரி ஒரு மணிக்கு வந்தவர்களுக்கும் சுடச்சுடக் கஞ்சி ஊற்றிய இடம், மீனா. நீ அப்பா வேட்டிக்குள் சுருண்டுகொண்டு, "சாமியும் தூங்குமா?" என்று கேட்டாய். பக்கத்தில் படுத்திருந்த யாரோ ஒரு கிழவி, "நாமெல்லாம் தூங்குனாத்தான் தூங்கும்" என்றாள். பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தை, "நாலு மணிக்குள்ள இறங்கணும்" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

வெள்ளத்தில் போனவர்களை நினைத்தால் இந்த விதி சரி. அந்தக் கிழவியை நினைத்தால் சரியில்லை. எனக்கு இரண்டுமே தோன்றுகிறது.

இறங்கும்போதுதான் முழங்கால் கணக்குக் கேட்டது. மூன்று நாளாகத் தைலம் தேய்க்கிறேன். லீவுக்கு வரும்போது பேரனையும் கூட்டிப் போகலாம். முதல் நாள் சாயங்காலமே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிடு, விடியற்காலை கிளம்ப வேண்டும். அவனுக்கு வார் வைத்த செருப்பாக வாங்கு. அந்த ஓடை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அன்புடன்,
அம்மா